கிராணி வீட்டில் எம்.ஏ. பரீட்சை

எம்.ஏ. வகுப்பில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. மதராஸில் பி.ஏ. முடித்துவிட்டு லீவுக்கு மலாயாவில் அப்பா வேலை பார்த்த, மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு வந்திருந்தேன். பினாங்கில் கப்பலேறித் திரும்ப வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான். கப்பல் நின்றது. என் படிப்பும் நின்றது என்று ஊரே முடிவு கட்டியது. ஊருக்கென்ன, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போகும்.

நான் நிறுத்தவில்லை. பாடத்திட்டம் பெட்டியில் இருந்தது, பழைய வினாத்தாள்களும் இருந்தன. சரித்திரத்தில் ஆறு தாள். கையிலிருந்த புத்தகங்கள் மூன்று தாளுக்குத்தான் காணும். சரி, மூன்றையாவது படிப்போம் என்று உட்கார்ந்தேன். காலையில் அம்மாவோடு மரவள்ளிக் கொல்லையில் களை பிடுங்குவேன், மத்தியானம் படிப்பேன்.

அப்பா தோட்டத்துக் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. ஜப்பான் சிப்பாய்கள் லாரியில் வந்து போகிற காலம். கல்யாணமாகாத பெண்ணை வைத்துக்கொண்டு அவர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். தாலி ஏறிவிட்டால் தொட மாட்டார்கள் என்று எல்லாரும் நம்பினார்கள். பயந்ததற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பயத்துக்கு நான் எதற்குக் கழுத்தை நீட்ட வேண்டும்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: “இதுக்கு ஒரு முடிவு வேணாமாம்மா? பரீட்சைய எழுதி முடி. பாஸானா படிப்பு முடிஞ்சுது, கல்யாணம். பெயிலானா படிப்பு உனக்கு வரல, கல்யாணம்.”

“எப்படிப் போனாலும் கல்யாணம்தானா?”

“ஆமா.”

“சரி. ஆனா முறையாத்தான் எழுதுவேன். நீங்கதான் சூப்பர்வைசர்.”

தினமும் விடியலில் பெரட்டுக்கு நின்று ஆட்களின் பேரைக் கூப்பிடுகிறவருக்கு இது பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூடத்து மேசையில் உட்கார வைத்து, அதே பெரட்டுக் குரலில் என் பேரைக் கூப்பிட்டார். வீட்டில் பரீட்சைக்கு இருந்தது நான் ஒருத்திதான். “இருக்கேன்” என்றேன். வினாத்தாளைக் கொடுத்தார். மூன்று மணி நேரம். ஆபீஸில் வீணாய்க் கிடந்த தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

பாதி நேரம்கூட ஆகவில்லை, வாசலில் வண்டி வந்து நின்றது. பக்கத்து ஊர் குருணில் மளிகைக்கடை வைத்திருந்த ஓர் அம்மாளும் அவர் மகனும். பெண் பார்க்க! அப்பா சாயங்காலம்தான் வரச் சொன்னாராம். அவர்கள் நல்ல நேரம் பார்த்து முன்னாலேயே வந்துவிட்டார்கள். என்னிடம் மட்டும் யாரும் மூச்சுவிடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

“எழுந்திரும்மா, காபி கொண்டா,” என்று அப்பா கிசுகிசுத்தார்.

“நடுவுல எழுந்தா தாளை வாங்கிடணும். திரும்ப உட்கார விடக்கூடாது. சூப்பர்வைசரும் இடத்த விட்டு நகரக்கூடாது. உட்காருங்கப்பா.”

உட்கார்ந்துவிட்டார்! அம்மாதான் சீனியில்லாத காபியோடு ஓடினாள்.

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எங்க தம்பியும் ஜப்பான்காரன் கோர்ஸ் முடிச்சிருக்கான்லா. மூணே மாசம். பி.ஏ.வுக்கு மேலன்னு சொல்லிட்டாங்க.”

“என்ன சொல்லிக் குடுத்தாங்க?” என்றேன், தலை நிமிராமல்.

மகன் பாவம், உள்ளதைச் சொன்னான். “பாட்டு, உடற்பயிற்சி, அவங்க எழுத்து, அவங்க ராஜாவுக்குக் கிழக்க பாத்துக் குனியறது. எல்லாருக்கும் பாஸ் போட்டாங்க.”

“எல்லாருக்கும் குடுத்தா அது பட்டம் இல்லீங்க, ரேஷன் அரிசி.”

“பேசாம எழுது!” என்று அதட்டினார் அப்பா. நிஜமாகவே சூப்பர்வைசர் ஆகிவிட்டிருந்தார்.

நேரம் முடிந்ததும் தாள்களை வாங்கிக்கொண்டார். அப்பா போட்ட நிபந்தனை அந்த அம்மாள் காதுக்கும் எட்டியிருந்தது; விடுவதாக இல்லை. “பாஸா பெயிலான்னு சட்டுனு பாத்துச் சொல்லுங்க. தட்டு மாத்திடலாம்.”

நீயே திருத்து என்பதுபோல் அப்பா என்னைப் பார்த்தார்.

“எழுதினவளே திருத்தறதா? நல்லா இருக்கே! எம்.ஏ. தாளை வெளியாள்தான் திருத்தணும். மதராஸுக்குப் போகணும். கப்பல் ஓடட்டும், ரிசல்ட் வரட்டும், அப்புறம் பேசலாம்.”

“கப்பல் எப்போ ஓடும்?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“அத ஜப்பான்காரனத்தான் கேக்கணும்.”

வாய்தான் பேசியதே தவிர, முடிவு என் கையில் இல்லை. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், தட்டு மாறிவிடும். அவர் தாள்களை அடுக்கினார், நூலால் கட்டினார், மெழுகு உருக்கி முடிச்சில் விட்டார்.

“முறைன்னு ஒண்ணு இருக்குங்கம்மா,” என்றார். “ரிசல்ட் வராம படிப்பு முடிஞ்சுதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

வண்டி திரும்பிப் போனது. நான் விம்மி விம்மி அழுதேன். அப்பா என் பக்கம் பார்க்காமலேயே கேட்டார்: “அடுத்த தாள் எப்போ?”

சண்டை ஓய்ந்து கப்பல் ஓடியதும் அந்தக் கட்டோடு மதராஸுக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் யாரும் அதைப் பிரிக்கக்கூட இல்லை. வகுப்புக்கு வராதவர் எழுதியதைத் திருத்த முடியாது, வேண்டுமானால் முதல் வருஷத்தில் சேருங்கள் என்றார்கள். நியாயம்தானே? அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அன்றைக்கே சேர்ந்தேன்.