படகின் வயிற்றில் ரபிகா மதினி

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு வாய் அதிகம், எனக்குக் கொஞ்சம் கூடுதல். என் பெரியப்பா மகன் தொக்தாரைக் கட்டிக்கொண்டு வந்த ரபிகா மதினி அதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எங்கள் கஸாக் இனத்தில் வாழவந்த பெண் புகுந்த வீட்டு ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள், ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துவிடுவாள். எனக்கு வைத்தது 'தகர டப்பா'. இந்தப் பல்காஷ் ஏரிக்கரையில் என் நிஜப் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. அவள் பிறந்தது புல்வெளியில், ஒட்டகம் குடிக்குமளவுக்குத்தான் அங்கே தண்ணீர். ஏரியை முதன்முதலில் பார்த்தவள், "இம்புட்டையும் யாரு குடிப்பா?" என்று கேட்டதாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவள் அப்படிக் கேட்கவே இல்லை. ஆனால் கொழுந்தன் மதினியைக் கேலி செய்யவில்லை என்றால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றல்லவா நினைப்பார்கள்.

மின்கம்பி வருவதற்கு முன் ஊருக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர் கொட்டகைதான் வெளிச்சம் தந்தது. மதினி அங்கே கூட்டிப் பெருக்கச் சேர்ந்தாள். கொஞ்ச காலத்தில் ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். அதற்குப் பிறகு கொட்டகையை மூடும்வரை ஊரின் விளக்குகள் அவள் பொறுப்பில்தான் எரிந்தன. வீட்டில் மாவு பிசைந்துகொண்டிருப்பாள், திடீரென்று தலையைச் சாய்த்து, "பெல்ட்டு வழுக்குது" என்று எழுந்து போவாள். எங்கள் காதில் எந்த வித்தியாசமும் விழுந்திருக்காது.

தொக்தார் அண்ணன் ஓர் இலையுதிர் காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான், உயிரோடு திரும்பவில்லை. அந்த அழுகையில் அவனுடைய படகு எஞ்சினிலிருந்து, அதைக் குளிர்விக்கும் தண்ணீரை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை. பனிக்காலம் வந்தது. உள்ளே நின்ற தண்ணீர் உறைந்து ஒரு சிலிண்டரின் உள்ளுறையை, பிஸ்டன் ஓடும் குழாயை, வெடிக்க வைத்தது. மற்ற இரண்டிலும் பிஸ்டன்கள் துருவேறி இறுகிவிட்டன.

அண்ணனுக்கு மூத்தவர் ஒஸ்பான், குடும்பத்துக்குத் தலைவர். புல்வெளியில் ஆடு மேய்ப்பவர், தண்ணீரைக் கண்டால் நாலடி தள்ளி நிற்பவர். தம்பி பெண்டாட்டியைத் தனியாக விடக்கூடாது என்பது அவர் கட்சி. படகைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிடச் சொன்னார். மதினி தலைகுனிந்து நின்றாள். மூத்தாரை எதிர்த்துப் பேசும் வழக்கமில்லை. ஆனால் கேட்டாள்.

"ஒரு பனிக்காலம் மட்டும் குடுங்க பெரியத்தான். ஏரியில பனி உடையிற அன்னிக்கு எஞ்சின் ஓடலைன்னா, படகை வெட்டிக்கட்டும். நான் மூட்டையைக் கட்டிக்கிட்டு உங்க பின்னாடி வந்துடுறேன்."

"ஓடினா?"

"ஓடினா என் வீட்டுல நான் இருந்துக்கிறேன்."

ஒஸ்பான் ஒப்புக்கொண்டார். ஓடாது என்று நம்பித்தான் ஒப்புக்கொண்டார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எஞ்சினை வெளியே எடுக்க வழியில்லை. அதைக் கீழே உட்காரவைத்து, அதன் தலைக்குமேல் மாலுமி அறையை வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். ஓர் ஆள் நுழையும் துவாரம்தான் உண்டு. அதனால் மதினி உள்ளே போனாள். பனிக்காலம் முழுக்க அந்த இரும்பு வயிற்றுக்குள் மண்டியிட்டுக் கிடந்தாள். மேலிருந்து பார்த்தால் ஒரு விளக்கும், சால்வை கட்டிய தலையும், மூச்சுப் புகையும் தெரியும்.

"என்ன மதினி, உள்ளேயே குடித்தனம் வச்சாச்சா?"

"ஆமா. இங்க தகர டப்பா சத்தம் கொஞ்சம் கம்மியா கேக்குது."

ஏரியின் அந்தக் கோடியில் செத்துக் கிடந்த இதே ஜாதிப் படகிலிருந்து நல்ல சிலிண்டர் உறைகளை நாங்கள் சறுக்கு வண்டியில் இழுத்து வந்தோம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, எஞ்சினுக்குள் நுழையாது. அவ்வளவு இறுக்கம். பட்டறையில் பெரிய அழுத்து எந்திரம் வைத்து இறக்க வேண்டியது. இங்கே சுத்தியலை ஓங்கக்கூட இடமில்லை.

மதினி உறைகளைக் கொண்டுபோய் ஏரிப் பனியின்மேல் நிறுத்தி வைத்தாள். விடியற்காலை, துப்பினால் உறையும் குளிரில், என்னைக் கூப்பிட்டாள். எஞ்சினைச் சுற்றிலும் தணல் சட்டிகள் வைத்துக் கை பொறுக்காத அளவுக்குச் சூடேற்றி விரியவைத்திருந்தாள். "குடு" என்றாள். பனியில் சுருங்கிய உறையை நான் மேலிருந்து இறக்கினேன். அவள் ஒருமுறை நேர்பார்த்துக் கையை விட்டாள்.

டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலம் முழுக்க அங்கேயே இருந்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. மற்ற உறைகளும் அப்படியே. சுத்தியல் இல்லை, எந்திரம் இல்லை. ஊரைக் கொல்லும் குளிரையே கூலியில்லாமல் வேலை வாங்கிவிட்டாள். எனக்கு வாயடைத்துப் போனது. மதினி நிமிர்ந்து, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

நடுப் பனிக்காலத்தில் ஒஸ்பான், வெட்டிய ஆட்டின் இறைச்சியோடு வந்தார். பயந்து பயந்து துவாரத்தில் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். மதினி மேலே தேநீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். அவர் கொஞ்ச நேரம் உள்ளே தனியாக இருந்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார்.

பனி உடைந்த நாளில் இரும்பு வெட்டுகிறவர்கள் லாரியோடும் வாயு உருளைகளோடும் வந்துவிட்டார்கள். அந்தி வரைக்கும் பார்ப்போம், அதற்குமேல் காத்திருக்க முடியாது என்றார் அவர்களின் தலைவர். ஒஸ்பானும் மதினியின் சாமான்களுக்கென்று ஒரு வண்டியோடு வந்திருந்தார். ஊரே கரையில் நின்றது.

எஞ்சின் இருமியது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. நாங்கள் கத்திய கத்தலில் அது நின்றதுகூட எங்களுக்குத் தெரியவில்லை. மதினிதான் நிறுத்தியிருந்தாள். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் படுத்தே கிடந்தது. எண்ணெய் ஏறாமல் இன்னும் கொஞ்சம் ஓடினால் பனிக்கால உழைப்பு மொத்தமும் கருகிவிடும். லாரிக்காரர்கள் உருளைகளை இறக்கத் தொடங்கினார்கள். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை.

மதினி கீழேயே இருந்தாள். எண்ணெய் ஓடும் வழியின் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு மேலே வந்தாள். விரல் நுனியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்தாள். எல்லோரும் பார்க்க, நாக்கில் வைத்துச் சுவைத்தாள்.

"ஆட்டு வால் கொழுப்பு" என்றாள்.

கரையில் எல்லா முகங்களும் ஒஸ்பான் பக்கம் திரும்பின. வாலில் கொழுப்புத் திரளும் எங்கள் பக்கத்து ஆடுகளை வைத்திருப்பவர் அவர். எஞ்சின் ஓடக்கூடாது என்று நினைக்கவும் அவருக்குத்தான் காரணம் இருந்தது. கூட்டத்தில் ஒருவன், "பாவி, வேணும்னே அடைச்சிருக்கான்" என்றான். ஒஸ்பானின் தொப்பி கைக்கு வந்துவிட்டது.

"ஓட்டை ஓட்டையா திறந்து கிடந்துச்சும்மா" என்றார். "போன தடவை மாதிரி துரு ஏறிடுமோன்னு பயம். பொறந்த புள்ளைக்குப் பூசுறோம்ல, குளிர் அண்டாம, அந்த மாதிரி நல்லா திணிச்சு வச்சேன். சொல்லணும்னு தோணலை."

எங்களில் கொழுப்பு பூசாமல் வளர்ந்த குழந்தை கிடையாது. ஆனால் டீசல் எஞ்சினுக்குப் பூசியவர் இவர் ஒருவர்தான்.

மதினி கோபப்படவில்லை. "ஓட்டை வாயில இருந்ததை கிரீஸுன்னு நினைச்சுத் துடைச்சுட்டு, உள்ள பாக்காம விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தகர டப்பா, தணல் கொண்டா. வீட்டுல இருக்கிற கம்பளத்தை எல்லாம் கொண்டா."

மறுபடி சட்டிகளை வைத்து, எஞ்சினைக் கம்பளங்களால் போர்த்தினோம். அது பிரசவித்தவள்போல் போர்வைக்குள் கிடந்தது. மதினி காய்ச்சிய எண்ணெயை மேல்வழியே ஊற்ற, கீழ்வழியே கொழுப்பு உருகிச் சொட்டத் தொடங்கியது. கரையெங்கும் விருந்து வாசனை. ஊர் நாய்கள் ஒன்றுவிடாமல் வந்து படகைப் பார்த்து உட்கார்ந்தன. லாரித் தலைவர்கூடப் பசிக்கிறது என்றார். சொட்டுவது சுத்த எண்ணெயாக மாறும்வரை அவள் விரலை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

சூரியன் நாணல்களைத் தொடும் நேரத்தில் மறுபடி கிளப்பினாள். இந்த முறை யாரும் கத்தவில்லை. முள் அசைந்தது. நிமிர்ந்தது. நிமிர்ந்தே நின்றது. மூன்று சிலிண்டர்களின் அதிர்வு தரை வழியாக என் பாதத்தில் ஏறியது. செத்துப்போன இரும்பு அது, நான் என் கையால் தொட்டுப் பார்த்த பிணம். அதை ஒரு பெண் மண்டியிட்டு எழுப்பியிருக்கிறாள். தொழுகை விரிப்பில் வரும் நடுக்கம் அப்போது எனக்கு வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. லாரிக்காரர்கள் உருளைகளைத் திரும்ப ஏற்றினார்கள்.

படகைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க நான் ஓடினேன். ஒஸ்பான் முந்திக்கொண்டார். தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். விட மனமில்லை போலும்.

"இருட்டப் போகுதேம்மா" என்றார்.

"கரை முனை வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டு வந்துடுறேன், பெரியத்தான்." மதினி மாலுமி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியதை அன்றுதான் நான் கண்டேன். "நீங்க கிளம்பிடாதீங்க. அடுப்புல கறி வெந்துக்கிட்டிருக்கு. என் வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்கீங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

ஒஸ்பான் கரையில் நின்ற தன் காலி வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"சரிம்மா" என்று சொல்லிக் கயிற்றை விட்டார்.