சைகோன் மாரியம்மன் முன்னால் நான் போட்ட சத்தம்

போன வருடம் ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலை பார்த்த பள்ளியின் ஷட்டரில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மேலே இருந்த போர்டையும் கழற்றிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை வரை அதே கட்டிடத்தில்தான் பாடம் நடத்தினேன். திங்கள் எங்களுக்கு விடுமுறை. அந்த ஒரு நாளில் ஒரு பள்ளிக்கூடமே காணாமல் போய்விட்டது. முதலாளியின் போன் அணைந்திருந்தது. என் பாஸ்போர்ட் அந்தப் பூட்டுக்கு உள்ளே இருக்கிறதே என்று பதறினேன்.

என் பெயர் சித்ரா. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். கோவில்பட்டியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். மைக் கிடையாது. தொண்டையைத் திறந்தால்தான் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும். அங்கிருந்து வியட்நாமில் சைகோன் நகரத்துக்குப் போனேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தரும் தனியார் பள்ளி அது. அங்கேயும் அதே குரல்தான். வரவேற்பு மேஜையில் இருந்த லான் என்ற பெண், "டீச்சர் பாடம் நடத்தினால் இந்தத் தெருவுக்கே ஆங்கிலம் வந்துவிடும்" என்று கேலி செய்வாள். விசா புதுப்பிக்க என் பாஸ்போர்ட்டை அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.

அதைத் திருப்பி வாங்கத்தான் அன்றைக்கு அவசரமாகப் போனேன். முந்தின நாள் தம்பி போன் செய்திருந்தான். அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. மதுரையில் சேர்த்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

"எக்கா, அப்பா ஒரே பிடியா நிக்காவ. நீ வந்தாத்தான் உள்ள போவாவளாம். இனி தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாரு. எப்படியாவது வந்துரு" என்றான்.

சரி, வாரேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுநாள் பூட்டின் முன்னால் நின்றபோதுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிந்தது.

லானின் போனும் போகவில்லை. பணம் கட்டிய பெற்றோர்கள் ஷட்டரை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தியத் தூதரக அலுவலகத்துக்குப் பேசினேன். நல்லபடியாகத்தான் பதில் சொன்னார்கள். ஆனால் போலீஸில் புகார் கொடுத்து, முறைப்படி எல்லாம் முடிய நாளாகும் என்றார்கள். எனக்கு எங்கே நாள் இருக்கிறது? அழுகைகூட வரவில்லை. நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புதன்கிழமை காலை வேறு போக்கிடம் தெரியாமல் அந்த நகரத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டு வியாபாரிகள் கட்டிய கோயில். இப்போது கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலும் அந்த ஊர் மக்கள்தான். சந்நிதிக்குப் பின்னால் கற்சுவரில் நெற்றியை வைத்து, மனதில் உள்ளதை முணுமுணுப்பாகச் சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது.

நம் பக்கம் அப்படியா? கஷ்டம் என்றால் ஆத்தாள் முன்னால் நேருக்கு நேர் நின்று சண்டை போடுவோம். பெற்ற தாயைக் கேட்பதுபோல் கேட்போம். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

"ஏ ஆத்தா, உனக்குக் கண்ணு தெரியுதா இல்லையா? எங்கப்பா உனக்கு வருசந்தவறாம அக்கினிச்சட்டி எடுக்காவ. அவியள அங்கன கட்டில்ல போட்டுட்டு, என்னைய இங்கன பூட்டுக்கு முன்னால நிறுத்திட்டியே. நீ இருக்கியா, இல்ல எந்திரிச்சுப் போயிட்டியா? எனக்குப் பதில் சொல்லு."

பிறகுதான் அழுகை வந்தது. கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. காவலாளி என்னை நோக்கி வந்தார். அவருக்கு முன்னால், பின்சுவர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க். என் கையைப் பிடித்துக்கொண்டு மாஸ்க்கை இறக்கினாள். லான்.

"உங்கள் குரல் என்று தெரிந்தது" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதலாளி அவளை வரச்சொல்லி அலுவலகத்தைக் காலி செய்யச் சொன்னாராம். குப்பையோடு கிடந்த என் பாஸ்போர்ட்டை, தொலைந்துவிடும் என்று தன் பையில் எடுத்து வைத்திருக்கிறாள். பெற்றோர்கள் அவள் வீட்டைத் தேடி வந்து சண்டை பிடிக்க, பயந்து போனை அணைத்துவிட்டு அத்தை வீட்டில் ஒளிந்திருந்தாள். என் அறை எங்கே என்று அவளுக்குத் தெரியாது. போனைத் திறக்கவும் பயம். இதை எப்படி டீச்சரிடம் சேர்ப்பது என்று கேட்கத்தான் அந்தச் சுவரில் நெற்றியை வைத்து நின்றிருக்கிறாள்.

பையைத் திறந்து பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தாள். புது விசாவும் இருந்தது. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்டு முடித்த வாய் மூடவில்லை, பதில் வந்துவிட்டது. இதை எழுதும் இந்த நேரத்திலும் உடம்பு சிலிர்க்கிறது.

"அம்மனிடம் என்ன சொல்லி வேண்டினீர்கள்?" என்று லான் கேட்டாள்.

"வேண்டவில்லை. திட்டினேன்."

அவள் முகம் வெளுத்துப்போனது. சந்நிதியைப் பார்த்துத் திரும்பி, எனக்காக அவளே கைகூப்பிக் குனிந்து குனிந்து கும்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மதுரை மருத்துவமனைக்குள் பெட்டியோடு ஓடினேன். அப்பா பச்சை உடுப்போடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். "வந்திட்டியா" என்றார். நர்ஸைப் பார்த்து, "சரிம்மா, இனி கொண்டு போங்க" என்று படுத்துக்கொண்டார்.

பிழைத்துவிட்டார். நான் திரும்பிப் போகவில்லை. கோவில்பட்டியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறேன். லானுக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. முன்பெல்லாம் கோயிலுக்கு வீட்டார் கூப்பிட்டால் போவேன். இப்போது யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். "நான் இத்தன வருசமா சட்டி எடுக்கேன். அவகிட்ட ஒரு வார்த்த பேசினது கிடையாது. என்ன பேசன்னு இருந்துட்டேன்" என்றார்.

இந்த வருடம் எங்கள் ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் சட்டி எடுக்க டாக்டர் சம்மதிக்கவில்லை. வெறுங்கையோடு வந்து அம்மன் முன்னால் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். மேளச்சத்தத்தில் அவர் வாய் அசைவதைத்தான் பார்த்தேன். காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டேன்.

"பிள்ளைய வையாத தாயி. எனக்காவத்தான் அவ கேட்டா."

நம்பிக்கையோடு இதைப் படிக்கிறவர்களே, உங்கள் மனதில் உள்ளதை மனதிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அழுதோ, சண்டை போட்டோ, ஆத்தாளிடம் போய்ச் சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.