அட்சரகணிதமும் ஜெயந்தியும்

கணக்கு வாத்தியார் கைக்கு வாட்ஸ்அப் வந்த நாளிலிருந்து வீட்டுப்பாடம் பிள்ளைகளுக்கு இல்லை, வாத்தியாருக்குத்தான். தலவாக்கலை டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் பத்து வருடமாக பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். உங்களில் யாராவது இதே தொழிலில் இருந்தால் தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

தண்ணீர்த் தொட்டி

ஜெயந்தி ஓ.எல். இரண்டாம் முறை எழுதக் காத்திருந்தவள். முதல் முறை கணக்கைத் தவிர எல்லாம் பாஸ். அதற்கடுத்த உயர்தர வகுப்பில் வணிகம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் கணக்கு இல்லாமல் அந்த வகுப்பில் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார். இந்த முறையும் போனால் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிடுவேன் என்று அம்மாவும் சொல்லிவிட்டார்.

அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி நின்றால் இரண்டு கோடு வரும். ஒரு நாள் அடை மழையில் அங்கே நின்று இருபடிச் சமன்பாடு கேட்டாள். நானும் ஆர்வத்தில் காரணிப்படுத்தல் முழுவதையும் போனிலேயே விளக்கிக்கொண்டு போனேன். கடைசிப் படிக்கு வந்து, "எக்ஸ் என்ன வருது, சொல்லு பார்ப்போம்" என்றேன். காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"சார், எக்ஸ அப்பறமா பாத்துக்கலாம், கால்ல மூணு அட்டை ஏறிருச்சு."

அம்மாவின் யோசனை

அடுத்த வாரம் அவளுடைய அம்மா எனக்குப் போன் எடுத்தார். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து வந்த களைப்பு குரலிலேயே தெரிந்தது. மகள் தினமும் தொட்டிக்கு ஏறி இறங்குவதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை; நீட்டாமல் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்கக் கூடாதா என்றார். வழிமுறை எழுதினால்தான் புள்ளி கிடைக்கும், விடைக்கு மட்டும் கிடைக்காது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்ப நீங்க விடைய மட்டும் அனுப்பிருங்க சார், வழிய எம்புள்ள கண்டுபிடிச்சிக்கிருவா."

பதில் ஆசிரியர்

இவ்வளவுக்கும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடமே நடக்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நடந்தது. அங்கிருந்த கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போன பிறகு அந்தப் பாடவேளையைச் சைவசமய ஆசிரியர் தலையில் கட்டியிருந்தார்கள். நல்ல மனிதர். ஹட்டன் பஸ்ஸில் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தார். எக்ஸும் வையும் போடுகிற அட்சரகணிதத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கரும்பலகையில கணக்க எழுதிப் போட்டுட்டு, நம்பிக்கைய விட்றாதீங்க புள்ளைகளான்னு சொல்லிட்டு வந்துர்றேன் சார்."

இரண்டு கிலோ

கணக்குப் பரீட்சை முடிந்த அன்று ஜெயந்தி நேரே என் வகுப்புக்கு வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. கேள்வித்தாளை மேசையில் விரித்து ஒரு கேள்வியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு பெண் காலையில் பறித்த கொழுந்தைவிட மாலையில் நான்கு கிலோ குறைவாகப் பறிக்கிறாள். மொத்தம் இருபது கிலோ. காலையில் பறித்தது எவ்வளவு? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் எங்கள் பிள்ளைகளுக்கென்றே வந்த கேள்வி மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பன்னிரண்டு என்று எழுதியிருக்கலாம்.

பத்து என்று எழுதியிருந்தாள். எப்படி என்று கேட்டேன். மடமடவென்று சொன்னாள். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று தோட்டத்தில் காலை நிறுவையில் இரண்டு கிலோ, மாலை நிறுவையில் இரண்டு கிலோ போய்விடும். ஆக மொத்தம் இருபது இல்லை, பதினாறு. அந்தப் பதினாறை வைத்துச் சமன்பாடு அமைத்து, ஒரு படி பிசகாமல் தீர்த்திருந்தாள். பிறந்ததிலிருந்து அம்மாவின் கொழுந்து நிறுக்கப்படுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. கேள்வியில் அப்படி எதுவும் இல்லையே அம்மா என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கழிக்காம யாரு சார் கொழுந்த நிறுக்கிறாங்க?"

டபிள்யூ

முடிவு வரும்வரை கை மறந்துவிடக் கூடாது என்று வாரம் பத்துக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவளும் தவறாமல் செய்து போட்டோ எடுத்து அனுப்பினாள். போன வாரம் முடிவு வந்தது. கணக்குக்கு டபிள்யூ, அதாவது பெயில். எத்தனை புள்ளியில் போனது என்று அந்த முடிவுத் தாளில் போடுவதில்லை. அந்த ஒரு கேள்வியால் போனதா, போகவே இருந்ததா, தெரியாது. தெரியாததால் எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு வருடம் கற்றுக்கொடுத்தேன். கேள்வியில் சொல்லாததைக் கழிக்காதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா சொன்னபடியே செய்துவிட்டார். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை முதல் அவளும் கொழுந்துக்குப் போகிறாள். ஞாயிறு பின்னேரம் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். அழுகையெல்லாம் இல்லை, வழக்கமாகச் சந்தேகம் கேட்கிற அதே குரல்.

"சார், போன வாரம் குடுத்த பத்துல ஏழு முடிச்சிட்டேன், மிச்சம் மூணையும் செஞ்சு அனுப்பவா, இல்ல இனி வேணாமா?"

பத்து வருடமாக யார் எந்தக் கணக்கைக் கேட்டாலும் பத்து நிமிடத்துக்குள் விடை அனுப்பிப் பேர் வாங்கிய வாத்தியார் நான், இந்தக் கேள்விக்கு நீல டிக் விழுந்து நான்கு நாளாகிறது.