மீசையும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

"நான் கை வெச்ச பாலத்துல ஒரு சொட்டு ஒழுகட்டும், இந்த மீசைய எடுத்துடறேன்!"

சலூன் நாற்காலியில் சிம்மாசனம் ஏறியவர்போல் அமர்ந்து, கண்ணாடியில் மேற்படி மீசையைப் பார்த்தபடியே கொத்தனார் சூளுரைத்தார். சாட்சிகள் எல்லோர் வாயைச் சுற்றியும் சோப்பு நுரை இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஊரின் பழைய கல்வளைவுப் பாலத்தைப் பராமரிப்பது அவர் உத்தியோகம். கரையோர வளைவின் அடியில் சலூன் வைத்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி. மழை பெய்தால் வளைவிலிருந்து தண்ணீர் சொட்டி, அவன் நனைப்பதற்கு முன்பே வாடிக்கையாளர் தலையை நனைத்துவிடும். "மாமா, பாலம் உங்க பொறுப்பு, தலை என் பொறுப்பு. ஏதாவது பண்ணுங்க" என்று நச்சரித்தான். மைத்துனனிடம் முடியாது என்று சொல்ல எந்த வீரனுக்கு வாய் வரும்? வளைவிலும் பக்கச்சுவரிலும் இருந்த துளைகளைத் தேடித்தேடி சிமென்ட் வைத்து அடைத்தார். சொட்டு நின்றது. சூளுரை பிறந்தது.

பாலத்தைக் கட்டியவர்கள் அந்தத் துளைகளை மறதியில் விட்டுவிடவில்லை. வளைவுக்கும் மேலுள்ள சாலைக்கும் நடுவில் மண் நிரப்பியிருக்கும். அதில் இறங்கும் மழைத்தண்ணீருக்கு அவைதான் வாசல்; வாசலை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கிச் சுவரைத் தள்ளும். இது கொத்தனாருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். மீசைக்குத்தான் தெரியாது.

அடுத்த மழைக்காலத்தில் பக்கச்சுவர் லேசாக வயிறு தள்ளியது. சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். நூல் சுவரின் வயிற்றில் சாய்ந்து படுத்துக்கொண்டது. 'வயசான பாலம், கொஞ்சம் தொந்தி போடாதா?' என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். தேறவில்லை. பாலத்தில் பஸ் ஏறும் சத்தம் கேட்டால் வீட்டில் அவர் கைச்சோறு வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"மழை வந்தா ஊரே ஜன்னல மூடுது, நீங்க மட்டும் ஏன் திறந்து வெக்கறீங்க?" என்றாள் மனைவி.

"பாலத்தப் பாக்கறேன்."

"நீங்க முறைச்சா அது நிமிர்ந்துடுமா? கீழ என் தம்பி கடை வெச்சிருக்கான், ஞாபகம் இருக்கட்டும்."

அவருக்கு இருந்த ஒரே ஞாபகம் அதுதான்.

மழை விடவில்லை. ஒருநாள் காலையில் தூக்குக்குண்டுக்கே வேலையில்லை. தொந்தி வெறும் கண்ணுக்குத் தெரிந்தது. கற்களின் இடுக்கில் விரல் போயிற்று. பொறியாளருக்குப் போன் போட்டார்.

"பஸ்ஸ நிறுத்துங்க சார். சுவர் தள்ளுது. துளைய அடைச்சது... நான்தான்."



சாலையை மறித்ததும், ஏணியும் உளியும் சுத்தியலுமாகச் சலூனுக்குள் நுழைந்தார்.

"எல்லாரும் வெளிய போங்க!"

"மாமா, இவருக்குப் பாதி முகம்தான் ஆயிருக்கு!"

"பாதி முகம் போதும். முழு உயிரோட போகச் சொல்லு!"

முதல் அடைப்பு பெயர்ந்ததும் செம்மண் தண்ணீர் பீறிட்டு, முதல் மரியாதையாக அவர் தலையிலேயே இறங்கியது. பிறகு கண்ணாடி, பவுடர் டப்பா, சீப்பு என்று ஒன்றைக்கூட விடாமல் விசாரித்தது. உள்ளே முடித்து, வெளியே பக்கச்சுவரிலும் எல்லாத் துளைகளையும் திறந்தார். தூக்குக்குண்டை மறுபடி தொங்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். வயிறு உள்ளே போகவில்லை. ஆனால் மேற்கொண்டு வளரவும் இல்லை. முட்டுக்கொடுக்க ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

கணுக்கால் தண்ணீரில் நின்ற மைத்துனன் தொண்டையைச் செருமினான்.

"மாமா, நீங்க சொட்டுன்னுதான சொன்னீங்க? இது அருவி. கணக்குல சேராது."

கொத்தனார் நாற்காலியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி, மேலுதட்டை இழுத்துப் பிடித்து, முகத்தை அவன் பக்கம் நீட்டினார்.