எலுமிச்சை சோப்புக்கு வாய்த்த பார்கோடு

அவருக்கு மேனேஜர் என்ற பட்டத்தைக் கொடுத்தது எந்த நிறுவனமும் அல்ல, மனைவியின் தம்பி. அக்கா கையுறை மாட்டிக்கொண்டு சமையலறையில் எலுமிச்சை சோப்புக் காய்ச்சுவதையும், அத்தான் மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, மார்க்கெட் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்று கவலைப்படுவதையும் பார்த்து அவன் வைத்த பெயர். கிண்டல் என்று அவருக்குப் புரியவில்லை. புரிந்திருந்தாலும் பதவியை விட்டிருக்க மாட்டார்.

நிர்வாகம் செய்யத்தான் ஒன்றும் இருந்ததில்லை. சோப்புகள் அக்கம்பக்கத்திலேயே விற்றுத் தீர்ந்தன. கடைத்தெரு சூப்பர் மார்க்கெட், அலமாரியில் இடம் தருகிறோம், ஆனால் பார்கோடு இருந்தாக வேண்டும் என்று சொன்ன அன்றுதான் மேனேஜருக்கு வேலை வந்தது. அதற்கென்று ஓர் அலுவலகம் இருக்கிறதாம், அங்கே பதிந்து நம் பொருளுக்கென்று எண் வாங்க வேண்டுமாம் என்றாள் மனைவி. அவர் சிரித்துக்கொண்டார்.

“கோடுதானே? நான் போட்டுத் தரேன். நீ அடுப்பைப் பாரு.”

முதலில் கோடுகளைச் சிவப்பில் அச்சடித்தார். உறையில் இருந்த பூக்களுக்கு அதுதான் எடுப்பு. கடையில் மெஷின் வாயே திறக்கவில்லை. அதன் வெளிச்சமே சிவப்பு, அதனால் சிவப்புக் கோடு அதன் கண்ணுக்குத் தெரியாது என்று பில் போடும் பெண் விளக்கினாள். மெஷினுக்கு ரசனை போதாது என்று முடிவு செய்து, அடுத்த முறை கறுப்புக்கு இறங்கி வந்தார். எண்ணுக்குத் தம் செல்போன் எண்ணையே போட்டார். அப்படி ஒரு சரக்கே இல்லை என்றது கணினி. மூன்றாவதாகத்தான் அவருடைய மூளை முழுவீச்சில் வேலை செய்தது. குளியலறையில் இருந்த ஒரு பாட்டிலில் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. கீழே இருந்த எண்ணை, கோடு வரைந்து தரும் செல்போன் செயலியில் அப்படியே தட்டி, கட்டுக்கட்டாக ஸ்டிக்கர் அடித்துவிட்டார்.

கடையில் “பீப்” என்றது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே மேனேஜர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிவிட்டார். திரையில் என்ன வந்தது என்று பார்ப்பதெல்லாம் கீழ்மட்ட ஊழியர்களின் வேலை அல்லவா? அந்தப் பெண்ணுக்கோ எதிரே நீண்ட வரிசை. ஏற்கெனவே ஏற்றிய சரக்குதான் போல என்று வாங்கி வைத்துவிட்டாள்.

சோப்பு நன்றாகவே விற்றது. ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் பில்லும் கையுமாகக் கடைக்குத் திரும்பி வந்தார். குழந்தையைக் குளிப்பாட்ட வாங்கியது கழிவறை கழுவும் திரவமா என்பது அவருடைய கேள்வி. கடையில் அப்போது வேறொரு புதிரும் ஓடிக்கொண்டிருந்தது. கழிவறைத் திரவம் அலமாரியில் அசையாமல் நிற்க, கணினி மட்டும் தீர்ந்தது, தீர்ந்தது என்று தானாகவே ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தது. கிடங்கில் கால் வைக்க இடமில்லை.

கடையின் கண்காணிப்பாளர் அம்மாள் கணவன் மனைவி இருவரையும் வரவழைத்தார். மெஷினில் ஏதோ கோளாறு என்று மேனேஜர் ஆரம்பித்தார். அந்த அம்மாள் ஒரு சோப்பை எடுத்துக் காட்டினார். “பீப்” என்றது. இந்த முறை திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தார். மேனேஜர் வாசித்தார். கழிவறை கழுவும் திரவம், அவர் வீட்டுக் குளியலறையில் இருந்த அதே பாட்டில்.

திட்டு விழும் என்று அவர் தோளைக் குறுக்கிக்கொண்டார். மனைவி திட்டவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்தனை பேரு என் சோப்பை வாங்கியிருக்காங்க. ஆனா ஒண்ணுகூட வித்ததா இதுல இல்லைங்க” என்றாள்.

அவள் அடுப்படியில் வெந்து சோப்புக் காய்ச்சிய நாட்களெல்லாம் மேனேஜருக்குச் சம்பந்தமே இல்லாமல் அப்போது ஞாபகத்துக்கு வந்தன. திரையை மெல்ல அந்த அம்மாள் பக்கமே திருப்பிவைத்தார்.

கண்காணிப்பாளர் கொஞ்சம் நல்லவர். முறையான எண்ணோடு வந்தால் சோப்பைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மனைவியே விண்ணப்பித்து எண்ணும் வாங்கிவிட்டாள். அது ஒன்றும் பெரிய வித்தையாக இல்லை. பழைய ஸ்டிக்கர்கள் மேல் புதியதை ஒட்டும் பொறுப்பு நிர்வாகத்துக்குப் போனது.

கடை அலமாரியின் கீழே, கவிழ்த்த பிளாஸ்டிக் கூடை ஒன்றின்மேல் உட்கார்ந்து மேனேஜர் ஒட்டினார். போகிறவர்கள் ஷாம்பு எங்கே, துடைப்பம் எங்கே என்று விசாரித்தார்கள். முதலில் காது கேளாதவர்போல் இருந்தவர், பிறகு வழிகாட்ட ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள் ஸ்டிக்கரை எந்த மூலையிலிருந்து ஒட்டினால் சுருக்கம் விழாது என்பதில் அவருக்குத் திடமான அபிப்பிராயம் உண்டாகிவிட்டது.

புது எண் ஒட்டிய முதல் சோப்புக்கு அன்று பில் போட்டபோது மனைவி அருகிலேயே நின்றாள். சோப்பின் பெயர் திரையில் எழுத்துப் பிசகாமல் வந்ததைக் கூடையருகே வந்து சொன்னாள்.

“ஒட்டினது யாருன்னு கேட்டாங்களா?”

“கேக்கலை” என்று சிரித்தவள், மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருளை அவர் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.