ஏழு பாயிண்டும் கம்பம்மெட்டு வளைவுகளும்

தேனியில் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து நான் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். உள்ளே எங்கள் டுட்டோரியல் மாணவர்கள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். தொடங்கி அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. பியூன் ஓடிவந்தார்.

"கம்பத்து டுட்டோரியல் ஆளுக யாரு? உங்க ஆளு ஒருத்தரு காப்பி அடிச்சு மாட்டிக்கிட்டாரு. சீப் சூப்பிரண்டு கூப்பிடுறாக."

சுண்டல் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன். காப்பி அடிப்பது புதிதில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அதெல்லாம் பழகிப்போகும். என்னை உலுக்கியது பியூன் அடுத்துச் சொன்ன பெயர். ஈஸ்வரன்.

நோட்ஸ் டீச்சர் வேலை

இதைப் படிக்கும் இளைய ஆசிரியர்களுக்குப் புரிய, கொஞ்சம் பின்னால் போகவேண்டும். 2003 வாக்கில் கம்பத்தில் ஒரு டுட்டோரியலில் நான் பாடக்குறிப்பு எழுதும் வேலை பார்த்தேன். எம்.ஏ. புவியியல் படித்தவள் என்பதால் எனக்கு உலகத்தில் எல்லாமே தெரியும் என்று அதன் உரிமையாளர் காஜா சார் நம்பினார். நானும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை.

காஜா சார் அதற்கு முன் திராட்சை வியாபாரம் செய்தவர். அஞ்சல் வழியில் 'சுற்றுலா வழிகாட்டி சான்றிதழ்' என்று ஒரு படிப்பு வந்ததும், குமுளிப் பக்கம் வண்டி ஓட்டும் டிரைவர்களை எல்லாம் சேர்த்துவிட்டார். நான்கு தாள்கள். நிலவியல், கட்டடக்கலை, இலக்கியம், சுற்றுச்சூழல். வெளியூர்க்காரரை மலைக்குக் கூட்டிப்போகிறவனுக்குப் பாறையும் தெரியவேண்டும், கோயிலும் தெரியவேண்டும், குறிஞ்சித் திணையும் தெரியவேண்டும், காட்டை எப்படிக் காப்பாற்றுவது என்றும் தெரியவேண்டும் என்பது பாடத்திட்டம் போட்டவர்களின் ஆசை. நல்ல ஆசைதான். நோட்ஸ் எழுத வேண்டியவள் நான்.

காஜா சாருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு.

"டீச்சர், ஒரு கேள்விக்கு ஏழு பாயிண்ட். ஆறு எழுதினா பேப்பர் திருத்துறவருக்கு மனசு நிறையாது. எட்டு எழுதினா நமக்கு ஒரு பாயிண்ட் நட்டம்."

"சார், பாறை மூணு வகைதான சார் இருக்கு?"

"மூணுதான் இருக்கா? பயன்பாடு ரெண்டு, முன்னுரை, முடிவுரை. ஏழாச்சா?"

அவர் திராட்சையைப் பெட்டியில் அடுக்கிய லாவகம் நோட்ஸிலும் வந்தது. அப்படித்தான் தீப்பாறைக்கு ஏழு, ராஜகோபுரத்துக்கு ஏழு, மண் அரிப்புக்கு ஏழு என்று எழுதிக் குவித்தேன். குறிஞ்சித் திணையில் தலைவனும் தலைவியும் சந்திப்பதற்கும் ஏழு பாயிண்ட் எழுதினேன். அந்தக் காலத்துத் தலைவி இதைப் படித்திருந்தால் வீட்டை விட்டே வெளியே வந்திருக்க மாட்டாள்.

ஈஸ்வரன்

ஈஸ்வரன் ஜீப் டிரைவர். விடியற்காலையில் ஏலக்காய் பறிக்கும் பெண்களைக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டு, வளைந்து வளைந்து ஏறும் கம்பம்மெட்டு மலை ரோடு வழியாகக் கேரளா எஸ்டேட்டுக்குப் போவான். பொழுது சாயும்போது அவர்களை ஏற்றிக்கொண்டு இறங்குவான். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் போவார்கள் என்று கேட்காதீர்கள். ஜீப் செய்த கம்பெனிக்காரன் கேட்டால் மயங்கி விழுவான். டிரைவர் பாதி உடம்பு வெளியே தொங்க ஓட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முந்தின மழைக்காலத்தில் அவனுடைய ஸ்டாண்டு ஜீப் ஒன்று வளைவில் உருண்டுவிட்டது. ஓட்டினவன் ஈஸ்வரனின் கூட்டாளி. அவனுக்குக் கால் போயிற்று; பின்னால் இருந்த இரண்டு பெண்கள் வீடு திரும்பவில்லை. அதற்கு அப்புறம் ஈஸ்வரனின் மனைவி பஞ்சவர்ணம் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். ஆள் ஏற்றும் வேலையை விட்டாக வேண்டும். குமுளியில் ஒரு லாட்ஜில் கார் டிரைவர் வேலை இருந்தது. சுற்றுலாக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டும் வேலை. ஒரு வண்டிக்கு நாலு பேர், பகல் நேரம். ஆனால் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: வழிகாட்டி சர்டிபிகேட் இருந்தால்தான் வேலை, அதுவும் இந்த சீசனுக்குள். இல்லாவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறான்.

அதனால்தான் ஈஸ்வரன் என்னிடம் வந்தான். வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவான். எழுப்பினால், "கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர், கண்ணு மட்டும் மூடியிருக்கு" என்பான். ஆனால் மாதிரித் தேர்வு வைத்தால் ஏழு பாயிண்டும் வரிசை மாறாமல் எழுதிவிடுவான். எப்படி என்று எனக்குப் புரியவே இல்லை. நான் நன்றாக எழுதியிருப்பதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அறைக்குள்ளே

பரீட்சை மையத்துக்குப் பொறுப்பான சீப் சூப்பிரண்டு அறையில் ஈஸ்வரன் குற்றவாளிபோல நின்றான். அவனுடைய விடைத்தாள் மேசை மேல் இருந்தது. மேற்பார்வைக்கு வந்த இளம் ஆசிரியர் ஒருவர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சார், இவரு கண்ணை மூடுறாரு. வலது கையை இப்படிச் சுத்துறாரு. இடது கையை இப்படித் தள்ளுறாரு. பின்னாடி இருக்கவன் இவரையே பாத்துக்கிட்டு இருக்கான். சிக்னல் சார். பக்காவான சிக்னல்."

சீப் சூப்பிரண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "என்னம்மா, இதையெல்லாமா சொல்லிக் குடுக்குறீங்க? டிபார் பண்ணினா மூணு வருசத்துக்கு எழுத முடியாது, தெரியும்ல?"

மூன்று வருடம் என்றால் குமுளி வேலை போனது போனதுதான். அப்புறம் அதே ஜீப், அதே வளைவுகள்.

"ஈஸ்வரா, என்ன செஞ்ச? உண்மையச் சொல்லு."

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "டீச்சர், எனக்கு உக்காந்து படிக்க நேரம் ஏது? முன் சீட்டுல வர்ற பேச்சியம்மாக்கா உங்க நோட்ஸ வாசிக்கும். ஒரு வளைவுக்கு ஒரு பாயிண்ட்டு. அந்த வளைவுல ஸ்டேரிங்க ஒடிக்கும்போது அந்தப் பாயிண்ட்டு மனசுல பதிஞ்சிரும். இப்ப கைய ஒடிச்சாத்தான் டீச்சர் ஞாபகம் வருது."

இளம் ஆசிரியர்தான் முதலில் பேசினார். "சார், கதை விடுறாரு."

சீப் சூப்பிரண்டு ஒரு நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். "உக்காருய்யா. கேள்வித்தாள்ல இல்லாதது ஒண்ணு கேக்குறேன். மண் அரிப்பைத் தடுக்கும் வழிகள். சொல்லு."

ஈஸ்வரன் உட்கார்ந்தான். கையை முன்னால் நீட்டினான். சட்டென்று நிமிர்ந்து கேட்டான்.

"ஏத்தமா சார், இறக்கமா?"

"என்னது?"

"பாறையும் சுற்றுச்சூழலும் காலைல ஏத்தத்துல படிச்சது. கோயிலும் இலக்கியமும் சாயங்காலம் இறக்கத்துல. மண் அரிப்பு ஏத்தம்தான் சார். இருங்க, கியர் மாத்திக்கிறேன்."

மாற்றினான். இல்லாத கியரை இடது கையால் தள்ளினான், இல்லாத ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடித்தான், உடம்பே சாய்ந்தது. "ஒண்ணு, மலைச்சரிவுகளில் மரம் வளர்த்தல்." இடப்பக்கம் ஒடித்தான். "ரெண்டு, படிக்கட்டு முறையில் பயிர் செய்தல்." அடுத்த வளைவு. "மூணு, சரிவின் குறுக்கே உழுதல்." எல்லாம் என் வாக்கியங்கள்தான். என் வாக்கியங்கள் இவ்வளவு வேகமாக மலை ஏறும் என்று நான் கண்டேனா?

நாலாவதில் நின்றுவிட்டான். கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. பேச்சு இல்லை.

"என்னய்யா, மறந்துபோச்சா?" என்றார் சீப் சூப்பிரண்டு.

"இல்ல சார். எதுக்க பஸ்ஸு வரும். அங்கன எப்பவும் ஒதுங்கித்தான் போகணும்."

இரண்டு மூச்சு விடும் நேரம் காத்திருந்தான். பஸ் போனது போலும். "நாலு, தடுப்பணை கட்டுதல்" என்று கிளம்பினான். ஆறாவது வளைவில் நான் கவனித்தேன்: காப்பி பிடித்த இளம் ஆசிரியரும் அவனோடு சேர்ந்து லேசாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

ஏழாவது முடிந்ததும் சீப் சூப்பிரண்டு வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் பழையபடி அதிகாரி ஆகிவிட்டார். "சரி, நம்புறேன். போயி எழுது. ஆனா கை ரெண்டும் மேசை மேலதான் இருக்கணும். மத்தவனுக்குக் கவனம் சிதறுது."

ஈஸ்வரன் முகம் விழுந்துவிட்டது. "கைய ஒடிக்காம எனக்கு ஒண்ணும் வராது சார்."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை பயந்துகொண்டிருந்தவள் எப்படிப் பேசினேன் என்று இன்றும் தெரியவில்லை. "சார், ஒருத்தர் வாயை முணுமுணுத்துக்கிட்டே எழுதுறார், இன்னொருத்தர் பேனாவைக் கடிக்கிறார், யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. இவரு ஜீப்பு ஓட்டுறாரு, அவ்வளவுதானே? வராண்டாவுல தனியா உக்கார வைங்க. சுவத்தைப் பாத்து ஓட்டட்டும்."

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பியூனை அழைத்து வராண்டாவில் மேசை போடச் சொன்னார். போன நேரத்தைத் திருப்பித் தரமுடியாது என்றும் சொன்னார். அது நியாயம்தான்.

ஈஸ்வரன் வராண்டாவில் உட்கார்ந்து கம்பம்மெட்டு ஏறினான். நான் வேப்பமரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாய்வான், எழுதுவான், சாய்வான், எழுதுவான். மணி அடித்தபோது கடைசிக் கேள்வியில் அவன் பாதி மலையில் நின்றான்.

முடிவு வந்த நாள்

மற்ற மூன்று தாளும் வராண்டாவிலேயே நடந்தன. முடிவு வந்தபோது நான்கிலும் தேறியிருந்தான். பாதி மலையில் நின்ற தாளில் மட்டும் மயிரிழையில். எங்கள் டுட்டோரியலில் அதைவிட நல்ல மார்க் வாங்கியவர்கள் பலர் இருந்தார்கள். காஜா சார் அவர்கள் பெயரைத்தான் வாசல் போர்டில் எழுதினார். ஈஸ்வரன் பெயரை எழுதச் சொன்னதற்கு, "ஜஸ்ட் பாஸை எப்படி டீச்சர் போர்டுல போடுறது? யாவாரம் கெட்டுப்போகும்" என்றார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். இன்றைக்கு நோட்ஸ் எழுதுகிறவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். பாடத்தைப் பார்க்கும் முன்னால் ஆளைக் கேளுங்கள்: எங்கே உட்கார்ந்து படிப்பீர்கள்? நான் அதற்குப் பிறகு எல்லோரையும் கேட்டேன். ஒருவர் திராட்சைக்கு மருந்து அடித்துக்கொண்டே என்றார். ஒரு பெண் தறி ஓட்டிக்கொண்டே என்றாள். யாருமே மேசை நாற்காலி என்று சொல்லவில்லை. நான் அத்தனை நாளும் மேசைக்கு நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்வரன் குமுளி வேலையில் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் பஞ்சவர்ணம் டுட்டோரியலுக்கு வந்தாள். கையில் ஒரு சீப்பு பழம். அதிகம் பேசுகிறவள் இல்லை. பழத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பப்போனவள், வாசலில் நின்றாள்.

"ஈஸ்வரனுக்கு வேலை எப்படி இருக்காம்?" என்று நான்தான் கேட்டேன்.

"பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கிருச்சாம் டீச்சர். வந்தவுகளுக்கு ஏழேழு பாயிண்ட்டாச் சொல்றாராம்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி சொன்னாள்.

"தினமும் மெட்டுல இருந்து ஜீப்பு இறங்கி வர்ற சத்தம் கேட்டப்புறம்தான் டீச்சர் நான் உலை வைப்பேன். யாருக்குன்னு ஆக்குறது, வருவாகளோ மாட்டாகளோன்னு. இன்னைக்கு நாலு மணிக்கே உலை வச்சுட்டு வந்துட்டேன்."