கிளட்ச் பெடலுக்கு அடியில்

திருவொற்றியூர் பட்டறையில் நான் பிரித்துக் கட்டிய பழைய அம்பாசிடர் கியர்பாக்ஸ் அது. முதல் கியர் போட்டாலே கறகறவென்று அரைத்தது. மறுபடி இறக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு குறையும் இல்லை. இன்ஜினை அணைத்தால் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. அப்படியென்றால் கோளாறு கிளட்ச்சில்தான். மிதித்தேன், பெடல் பாதியிலேயே நின்றது.

கீழே கிடந்த ரப்பர் கால்மிதி மேட்டைத் தூக்கினேன். அதற்கடியில் இன்னொன்று, அதற்கும் அடியில் இன்னொன்று. கடைசியில் அழுகிய மீன்தண்ணீர், நெளியும் புழுக்கள்.

காசிமேட்டிலிருந்து அந்த வண்டியில் மீன்கூடை ஏற்றும் ஓனர் சிரித்தார்: “இன்னா பண்றது நைனா, நாத்தம் தாங்கல. மேல மேல மேட்டு போட்டுகினே வந்தேன்.”

அவரை நினைத்துச் சீ என்றாகிவிட்டது. ஆனால் அந்த நாற்றத்துக்குப் பயந்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்த வண்டியை ஓட்டிப் பார்த்தவன் நான். ஒருமுறைகூடக் குனிந்து பார்க்கவில்லை.